காலி இடமும் ஊரின் சொத்து: நாரணாபுரத்தை முன்வைத்துச் சில யோசனைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறிய ஊர்களுக்குப் புத்துயிர் கொடுப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் நல்ல வார்த்தைகள் நிறைய வரும். வீட்டுக்குப் போன பிறகு யோசித்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். நாரணாபுரம். சிவகாசி எங்கே முடிகிறது, நாரணாபுரம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிக்க முடியாது. சுற்றிலும் பட்டாசு, அச்சகம், அட்டைப்பெட்டி வேலை. பெயரளவில் அது ஓர் ஊராட்சி.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாசு மண்டலத்தில் உள்ள ஒரு சிற்றூருக்குத் திட்டம் போடுகிறவர், என்ன கட்டலாம் என்று கேட்பதற்கு முன்னால், எங்கே எதையும் கட்டக்கூடாது என்று கேட்க வேண்டும். பூங்கா, பேருந்து நிலையம், அலங்கார வளைவு எல்லாம் அடுத்த கட்டம். இந்த மண்ணில் காலி இடம்தான் முதல் பொதுச் சொத்து. அதைக் காப்பாற்றாத திட்டம், எவ்வளவு கோடியில் வந்தாலும், உயிருக்கு உத்தரவாதம் தராது.

ஊராட்சியா, நகரமா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஓர் ஊரை நகரம் என்று கணக்கில் எடுக்க மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர் வாழ வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது வேளாண்மை அல்லாத வேலை பார்க்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தி, நிர்வாகத்தில் மட்டும் ஊராட்சியாகவே தொடரும் ஊர்களைக் கணக்கெடுப்பு நகரம் என்கிறார்கள். நாரணாபுரம் அந்த வகை.

இந்தியாவில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001இல் 1,362. 2011இல் 3,894. தமிழ்நாட்டில் மட்டும் 376. நாடு முழுவதும் பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு. நாட்டின் நகரமயம் பெருநகரங்களில் நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதில் கணிசமான பகுதி ஊராட்சி அலுவலகங்களின் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

சிவகாசியின் கணக்கு இன்னும் கூர்மையானது. 2001இல் நகராட்சியின் மக்கள்தொகை 72 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 2011இல் 71,040. ஊர் சிறுத்துவிட்டதா? தொழில் போய்விட்டதா? இரண்டும் இல்லை. திருத்தங்கலையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்த சிவகாசி நகர்த்திரளில் அதே ஆண்டு 2,34,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அதாவது சிவகாசிக்காரர் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய மூவரில் இருவர் நகராட்சி எல்லைக்கு வெளியே வாழ்ந்தார்கள். உள்ளே மனை விலை கட்டுப்படியாகாதவர்கள் வெளியே வந்தார்கள். அச்சகமும் கிட்டங்கியும் இடம் தேடி வெளியே வந்தன. வளர்ச்சி முழுவதும் அந்த விளிம்பில்தான்.

அந்த விளிம்பை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஊராட்சியின் ஆள்பலம் உங்களுக்குத் தெரியும். ஒரு செயலர், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை இயக்கும் ஓ.எச்.டி. ஆபரேட்டர், சில தூய்மைக் காவலர்கள். தெருவின் அகலத்தை அளக்கவும், ஓடையின் மீது சுவர் எழும்புகிறதா என்று பார்க்கவும் அங்கே பயிற்சி பெற்ற நகரமைப்பு அலுவலர் கிடையாது. வந்த நிதியிலும் கை கட்டப்பட்டிருந்தது. 15ஆவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில், 2021-22 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் மற்ற எல்லாம். போதாததற்கு, 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. வேகமாக வளரும் ஊருக்கு, கேள்வி கேட்க ஒரு தலைவர்கூட இல்லாத காலம் அது.

பலகை மாறினால் போதுமா?

இதற்குத் தீர்வு ஒன்று தயாராகச் சொல்லப்படும்: மாநகராட்சியில் சேர்த்துவிடலாம். சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகள் இணைந்து 2021 அக்டோபரில் சிவகாசி மாநகராட்சி உருவானது. 2022 பிப்ரவரியில் 48 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. பக்கத்து ஊராட்சிகளையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சும் கூடவே வந்தது.

இணைப்பு என்றாலே ஊராட்சி மக்கள் முகம் சுளிப்பதை நாம் பார்க்கிறோம். வீட்டு வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும், வீடு கட்ட அனுமதி வாங்க அலைய வேண்டும். இந்த மூன்று பயங்களும் நியாயமானவை. பட்டாசு வேலை இல்லாத மாதங்களில் நூறு நாள் சம்பளத்தில் குடும்பம் நடத்திய வீடுகள் இந்த வட்டாரத்தில் உண்டு. எதிர்ப்பவர்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்று ஒதுக்குவது சரியாகாது.

பலகை மாற்றத்தால் மட்டும் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2004 ஜூனில் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. கிராமங்களுக்கு ஒன்றிய அரசு தரும் நிதி இந்த ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். 2006 ஜூலையில் அவை மறுபடியும் பேரூராட்சிகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் அலுவலக முத்திரை இரண்டு முறை மாறியது. தெருவும் சாக்கடையும் கண்மாயும் அப்படியேதான் இருந்தன.

அரசியல் சாசனம் இந்த இடைநிலை ஊர்களை மறக்கவில்லை. 74ஆவது திருத்தத்தின் 243-கியூ பிரிவு, கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கென்றே தனி அமைப்பைச் சொல்கிறது. 243-இசட்.டி. பிரிவு, ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒன்றாகத் தொகுக்க மாவட்டத் திட்டக் குழுவைச் சொல்கிறது. நாரணாபுரமும் சிவகாசியும் ஒரே வரைபடத்தில் வர வேண்டுமானால் சட்டத்தில் இடம் இருக்கிறது. இணைப்பு நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டு சட்டங்கள், நடுவில் ஒரு வெளி

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன்.

பட்டாசு ஆலைகளை ஆள்வது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும். எவ்வளவு மருந்து இருப்பு வைக்கலாம் என்பதைப் பொறுத்து உரிமம் மாறும். நம் ஊரில் இதை யாரும் சட்ட மொழியில் சொல்வதில்லை. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று உரிமம் தரும் அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் டீக்கடையில்கூடப் புரியும். எந்த லைசென்ஸ் ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: இடைவெளி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, மருந்து இருப்பு அறைக்கும் வேலை அறைக்கும் இடைவெளி, ஆலைக்கும் வெளியே உள்ள வீடு, சாலைக்கும் இடைவெளி. மருந்தின் அளவு கூடக்கூட இடைவெளியும் கூடும். ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும், ஓர் ஆலையே போனாலும் அடுத்த தெரு பிழைக்க வேண்டும் என்பதே கணக்கு. சின்னச் சின்ன அறைகளுக்காக ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கிறார்களே என்று வெளியூர்க்காரர் வியப்பார். அந்த வெறும் நிலமும் ஆலையின் ஒரு உறுப்புதான். சொல்லப்போனால் அதுதான் ஆலையின் மிக முக்கியமான பாதுகாப்புக் கருவி.

இன்னொரு பக்கம், வீட்டு மனைகளை ஆள்வது 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் எது குடியிருப்பு, எது தொழில், எது அபாயத் தொழில், எது வேளாண்மை என்று நிலம் வகைப்படுத்தப்பட்டிருக்கும். திட்டப் பகுதிக்கு வெளியே இந்த வகைப்பாடு கிடையாது. அங்கே ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனிக் கோப்பு.

முந்தையது ஒன்றிய அரசின் சட்டம், பிந்தையது மாநில அரசின் சட்டம். ஆலைக்கு உரிமம் கொடுக்கும் நாளில் சுற்றுப்புறம் பார்க்கப்படுகிறது. அன்றைக்குச் சுற்றிலும் கரிசல் காடு. இருபது ஆண்டு கழித்து அந்தக் காட்டின் சொந்தக்காரர் மகள் கல்யாணத்துக்காக நிலத்தை விற்கிறார். வாங்கியவர் கல் ஊன்றி, மஞ்சள் வண்ணம் அடித்து, கொடி கட்டி, மனை போடுகிறார். முன்பணம் கொடுக்கிறவர் யார்? பெரும்பாலும் அச்சகத்தில் பைண்டிங் வேலையோ, ஆலையில் மருந்து அடைக்கும் வேலையோ பார்த்து, வட்டிக்கு வாங்கிச் சேர்த்துவைத்த ஒரு குடும்பம். மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், தண்ணீர் வருமா, பஸ் வருமா என்று கேட்பார்கள். பட்டாசு ஆலையின் வேலி எவ்வளவு தூரம் என்று கேட்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. மனை விற்பவர் அதைத் தானாகச் சொல்லப் போவதுமில்லை.

வீடு வந்த பிறகு சிக்கல் இரண்டு பக்கமும். இடைவெளி குறைந்ததால் ஆலைக்காரர் இருப்பைக் குறைக்க வேண்டும், அல்லது உரிமத்துக்கே ஆபத்து. வீட்டுக்காரர் ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடி வர வேண்டும். சட்டத்தை மீறாமலேயே இருவரும் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசுக் கிட்டங்கி ஒன்றில் சரக்கு ஏற்றும்போது நேர்ந்த விபத்தில், பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்கு வந்தவர்கள் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடுத்த கட்டடத்தில் இருந்ததுதான் தொடர்பு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 35 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் ஆலை விபத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஃபோர்மேன், லைசென்ஸ்தாரர், உள்குத்தகை என்று விசாரணை ஆலைக்குள்ளேயே நின்றுவிடும். ஆலைக்குள் தவறு நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தவறு நடந்த நாளில் எத்தனை பேர் சாவார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் ஆலைக்கு வெளியே உள்ள நிலத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை இதுவரை எந்த அலுவலகமும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு டச்சு நகரத்தின் பாடம்

நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்று ஒரு நகரம். நெசவாலைகளால் வளர்ந்த ஊர். 1977இல் அங்கே ஒரு பட்டாசுக் கிட்டங்கி கட்டினார்கள். கட்டும்போது அது ஊருக்கு வெளியே. பிறகு ஊர் வளர்ந்து கிட்டங்கியைச் சுற்றிக்கொண்டது. 2000 மே 13 அன்று அது வெடித்தது. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். ஏறத்தாழ 950 பேர் காயமடைந்தார்கள். சுமார் 400 வீடுகள் தரைமட்டம். உலகத்தின் மிக ஒழுங்கான நகரமைப்பு உள்ள நாடு என்று பெயர் வாங்கிய நாட்டிலேயே இது நடந்தது. ஆலையின் கோப்பும் குடியிருப்பின் கோப்பும் வெவ்வேறு மேசைகளில் இருந்தால் எந்த நாட்டிலும் இது நடக்கும்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் நமக்கு வேண்டியது. பட்டாசு இருப்புக்கும் குடியிருப்புக்கும் இடைவெளியைக் கட்டாயமாக்கும் ஆணை 2002இல் வந்தது. அது உள்ளாட்சி நிலத் திட்டங்களையும் கட்டுப்படுத்தியது. அழிந்துபோன ரோம்பேக் பகுதியை மறுபடி கட்டியபோது, கட்டடக் கலைஞர் பி டி பிராய்ன் தலைமையில், அங்கே குடியிருந்தவர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டுத் திட்டம் வரைந்தார்கள். பழைய நெசவாலைக் கட்டடங்களில் மிஞ்சியவற்றை இடிக்காமல் அருங்காட்சியகமாகவும் கலைக் கூடமாகவும் மாற்றினார்கள். அந்த ஊர் அந்த அறிவைச் சாவு கொடுத்துப் பெற்றது. நாம் அதே விலை கொடுக்க வேண்டியதில்லை.

மரத்தடியில் தெரியும் திட்டக் குறை

வெளி நிலத்தைப் பற்றிப் பேசினேன். இப்போது உழைக்கிறவர்களைப் பற்றி.

காலை ஆறரை மணிக்கு இந்த வட்டாரத்தின் எந்த விலக்கில் நின்றாலும் ஒரே காட்சிதான். கையில் தூக்குவாளி, தோளில் துணிப்பை, சேலைக்கு மேல் ஆண் சட்டை. ஆலை வேனுக்காகப் பெண்கள் சாலையோரத்தில் நிற்கிறார்கள். நிழற்குடை இல்லை. நடைபாதை இல்லை. சரக்கு லாரி உரசிக்கொண்டு போகிறது. கைக்குழந்தை உள்ளவர் அதை மாமியாரிடம் விட்டு வந்திருப்பார். மாமியாரும் வேலைக்குப் போகிறவரானால் மூத்த பெண்பிள்ளையின் பள்ளிக்கூடம் அன்றைக்கு இல்லை. வேன் வந்ததும் கொள்ளளவுக்கு மேல் ஏறுகிறார்கள்.

ஆலைக்குள் போனால், ஓர் அறைக்கு நால்வர் என்பது வழக்கில் உள்ள விதி. தீபாவளி நெருங்கும்போது ஆர்டர் குவியும். கூலியோ பீஸ் ரேட். எத்தனை குரோஸ் முடிக்கிறார்களோ அத்தனைக்குக் காசு. அறைக்குள் அனல் அடிக்கும். நால்வருக்கு மேல் ஆள் சேர்ந்துவிடும். அப்போது வேலை மரத்தடிக்கு வந்துவிடும். வேப்ப மரத்து நிழலில் சாக்கை விரித்து மருந்து அடைப்பார்கள். விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் இந்த மரத்தடி. இதை விதிமீறல் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. வெயிலையும் கூலியையும் அறைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால், இது மோசமாக வடிவமைக்கப்பட்ட வேலையிடம் என்பது தெரியும். காற்றோட்டமான கூரை, தனியாக ஓர் ஓய்வுக் கொட்டகை, குடிதண்ணீர், கழிப்பறை இவை இருக்கும் ஆலையில் மரத்தடிக்கு வரும் தேவை பாதியாகிவிடும்.

இன்னொன்று கருந்திரி, அதாவது வெடிமருந்து பூசிய திரி. தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கங்களில் வீட்டுக்குள் பட்டாசு செய்ததாகவும் கருந்திரி திரித்ததாகவும் வழக்குப் பதிவாவது செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. இதே தொழிலில் ஆபத்து இல்லாத வேலைகளும் நிறைய உண்டு. காகிதக் குழாய் உருட்டுவது, அட்டைப்பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது. ஒரு சிற்றூர்த் திட்டம் செய்ய வேண்டியது இந்த இரண்டையும் பிரிப்பது. மருந்து தொடும் எந்த வேலையும் குடியிருப்புக்குள் கூடாது. மருந்து தொடாத வேலைக்கு ஊருக்குள்ளேயே, நடந்து போகும் தூரத்தில், ஊராட்சி கட்டிய பொது வேலைக்கூடம் வேண்டும். பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம் வேண்டும். பொதுக்கூடத்தில் நாலு பேர் பார்க்க வேலை நடக்கும்போது திரி உள்ளே வராது.

இந்த மண்டலம் மாறாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளர் என்று உலகம் பேசிய காலம் ஒன்று இருந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சட்டம், பள்ளிக்கூடம், தொழிற்சங்கம், பெற்றோரின் ஆசை, ஆலை அதிபர்களில் பலரின் ஒத்துழைப்பு எல்லாம் சேர்ந்து அந்தப் பெயரைப் பெருமளவு துடைத்தன. அந்த மாற்றத்தைச் செய்த ஊர் இந்த மாற்றத்தையும் செய்யும்.

கண்மாயும் ஒரு காலி இடம்தான்

இங்கே பட்டாசும் தீப்பெட்டியும் ஏன் வந்தன? 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரின் துணிவு ஒரு காரணம். வறண்ட வானம் இன்னொரு காரணம். மழை குறைவு, மருந்து காயும். மழை குறைவு, வெள்ளாமை பொய்க்கும், ஆள் கிடைக்கும். தொழிலுக்கு அனுகூலமான அதே வறட்சிதான் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம். வைப்பாற்றுப் படுகையில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வெம்பக்கோட்டை அணையும் தொலைதூரக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் குடிதண்ணீர் தருகின்றன. மற்ற தேவைக்கு நிலத்தடி நீர், அல்லது காசு கொடுத்து வாங்கும் தொட்டித் தண்ணீர்.

கரிசல் மண்ணின் குணம் கட்டுகிறவருக்குத் தெரியும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. ஓடையை அடைத்து மனை போட்டால் ஒரு நல்ல மழைக்கே தெரு குளமாகும். ஆகவே இங்கே கண்மாய், வரத்துக்கால், ஓடைப் புறம்போக்கு இவை ஊரின் வடிகாலும் தண்ணீர்த் தொட்டியும் ஆகும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயைப் பார்த்துச் சும்மா கிடக்கும் இடம், பஸ் ஸ்டாண்டு கட்டலாம் என்று தோன்றுவது நம் காலத்து நோய். தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் அப்படிக் கட்டினார்கள், மழைக்காலத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஒரே தொழிலில் நிற்கும் ஊர்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது. அதன் பிறகு வந்த மாதங்களில் ஆலைகள் கதவடைத்து நின்றதை இங்கிருக்கும் எல்லோரும் அனுபவித்தீர்கள். டெல்லியில் காற்று கெட்டால் நாரணாபுரத்தில் கடைக்கணக்கு ஏறுகிறது. தீர்ப்பு சரியா தவறா என்பது இன்றைய பொருள் இல்லை. ஒரே பண்டிகையையும் ஒரே பொருளையும் நம்பி நிற்கும் ஊரின் பலவீனம்தான் பொருள்.

நல்லவேளையாகச் சிவகாசிக்கு அச்சு இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் புது வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும் ஊர் இது. பட்டாசு ஓய்ந்த மாதங்களில் காலண்டர், நோட்டுப் புத்தகம், பாடநூல், அட்டைப்பெட்டி என்று அச்சகம் ஓடும். அச்சகத்தின் ஆபத்து குடியிருப்போடு ஒத்துப்போகக்கூடிய அளவுதான். ஆனால் அதற்கும் அகலமான சாலை, லாரி திரும்ப இடம், தடங்கல் இல்லாத மின்சாரம், கழிவுத் தாளைச் சேர்க்க ஓர் இடம் வேண்டும். குடியிருப்புச் சந்துக்குள் ஆஃப்செட் மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கஷ்டப்படுவதைவிட, பல அச்சகங்கள் சேர்ந்து இருக்கும் அச்சுத் தொழில் வளாகங்கள் ஊராட்சிகளில் வரலாம். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் வரவிருக்கும் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023இல் அறிவிக்கப்பட்டது. அது ஓடத் தொடங்கினால் பெண் தொழிலாளர் எந்தப் பக்கம் போவார்கள், அவர்களுக்குப் பேருந்து எங்கிருந்து, வாடகை வீடு எங்கே என்ற கேள்விகளை இப்போதே கேட்டுத் திட்டத்தில் எழுத வேண்டும்.

செய்யக்கூடியவை

1914-15இல் பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்துக்கு வந்தார். மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் தெருக்களில் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான தெருக்களை இடித்து நேர்கோட்டுச் சாலை போடுவதுதான் அன்றைய பொறியாளர்களின் மருந்து. கெடஸ் வேறு வழி காட்டினார்: இடிப்பதைக் குறைத்து, தெருக்களுக்கு இடையே கிடக்கும் சிறு காலி இடங்களைச் சேர்த்துக் காற்றும் நிழலும் வரச் செய்வது. செலவும் குறைவு, குடியை எழுப்ப வேண்டியதும் குறைவு. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நூறு ஆண்டு கழித்தும் அவருடைய முறை நாரணாபுரத்துக்குப் பொருந்துகிறது. நடந்து பார்த்து, காலி இடத்தைக் கணக்கெடுத்து, பிறகு வரைய வேண்டும். 2016இல் ஒன்றிய அரசு தொடங்கிய ரூர்பன் திட்டமும் பக்கத்துப் பக்கத்து ஊர்களைத் தொகுப்பாகவே எடுத்துக்கொண்டது. அந்தக் கருத்து சரி. ஓர் ஊராட்சியை மட்டும் தனியாகத் திட்டமிட முடியாது.

ஐந்து வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரே வரைபடம். உரிமம் பெற்ற ஆலைகள், கிட்டங்கிகள், அவற்றைச் சுற்றிய பாதுகாப்பு வளையம், கண்மாய், ஓடை, பள்ளிக்கூடம், மனைப்பிரிவுகள் எல்லாம் சர்வே எண்ணோடு ஒரே தாளில் வர வேண்டும். அதைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். மனை வாங்குகிறவர் பத்திரம் பதியும் முன்னால் தன் சர்வே எண் எந்த வளையத்தில் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, வளையத்துக்குள் நிலம் வைத்திருப்பவருக்கு ஈடு. கட்டாதே என்று சொல்லிவிட்டு அவரை நட்டத்தில் விடுவது அநியாயம். இடைவெளியால் பயன்பெறும் ஆலைகள் சேர்ந்து ஆண்டுக் குத்தகை தரலாம். அரசு மாற்று நிலம் தரலாம். மானாவாரி வெள்ளாமை தொடர உதவலாம்.

மூன்றாவது, உழைப்பாளியின் பாதை. விலக்குகளில் நிழற்குடை, கழிப்பறை, ஆலை நேரத்துக்கு ஏற்ற அரசுப் பேருந்து, ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் நிற்காமல் தீக்காயப் பிரிவுக்குப் போகும் வழி.

நான்காவது, மருந்து தொடாத வேலைக்கான பொதுக்கூடமும் காப்பகமும்.

ஐந்தாவது, நீர்நிலைகளின் எல்லைக் கல். மனைப்பிரிவுகளில் பொது உபயோகத்துக்கென விடும் பத்து சதவீத இடத்தையும் அதே வரைபடத்தில் குறித்து, வேலி போட்டு, மரம் வைத்து ஊராட்சி தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஐந்தில் எதற்கும் பெரிய கட்டடம் வேண்டாம். முதலாவதற்கு ஏறக்குறைய பணமே வேண்டாம். வெடிபொருள் துறையின் கோப்பு, வருவாய்த் துறையின் புலப்படம், நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவுப் பட்டியல் ஆகிய மூன்றும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒரே மேசையில் வைக்க மாவட்ட ஆட்சியர் ஒருவரின் உத்தரவு போதும். 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் விருதுநகர் சேர்ந்தபோது, கல்வி, சுகாதாரம் என்று மாதந்தோறும் எண்களைக் கணக்கிட்டு உயர்த்திக் காட்டிய மாவட்டம் இது. இந்தக் கணக்கையும் அது போடலாம்.

ஆலை அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலையின் தள வரைபடத்தைத் தொழில் ரகசியமாக நினைக்காதீர்கள். இடைவெளி எங்கே என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு உங்கள் உரிமமும் பத்திரமாக இருக்கும். மனை வாங்க எண்ணும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சுற்றிலும் எந்த ஆலை, எந்தக் கிட்டங்கி, எவ்வளவு தூரம்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். மாணவ மாணவியருக்குக் கடைசி வேண்டுகோள். நாரணாபுரத்தின் தெருக்களையும் ஓடைகளையும் காலி இடங்களையும் நடந்து அளந்து குறிக்கும் வேலையை ஒரு கல்லூரித் துறை ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். அரசு வரட்டும் என்று காத்திராமல் அந்த அளவையை இந்த ஆண்டே தொடங்குங்கள். முடித்து ஊராட்சியின் கையிலும் ஆட்சியரின் கையிலும் கொடுங்கள்.